ஆயுத பூஜைக்குக் கழுவிய விண்கல்

1. நீல வாளி

பூஜை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே கல்லூரியில் ஆயுத பூஜை கொண்டாடிய அன்று காலை, என் ஆய்வுக்கூட வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் பாதி அளவுக்குத் தண்ணீர், அடியில் கறுப்பாகச் சேறு. பக்கத்தில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். பூஜைக்காகப் புதுச் சேலை கட்டியிருந்தாள். முகம் மட்டும் பேயறைந்தது போல இருந்தது.

"மேடம், கல்லு கரைஞ்சு போச்சுங்க," என்றாள்.

"எந்தக் கல்லு?"

"கண்ணாடி ஜாடிக்குள்ள வெச்சிருந்தீங்கள்ல, அந்தக் கல்லுதானுங்க. தண்ணிக்குள்ள போட்டதும் பொசுபொசுன்னு நொரை வந்துச்சுங்க. கைய உட்டுத் தூக்குனா ஒண்ணுமே இல்லீங்க. சேறாட்டம் வருதுங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது வானத்திலிருந்து விழுந்த கல். பூமி உருவாவதற்கு முன்பே உருவானது. நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படாமல் இருந்தது, எங்கள் கல்லூரிக்கு வந்த ஒரே வாரத்தில் வாளிக்குள் போய்விட்டது.

"யாரு பாக்கியம் உன்னையக் கழுவச் சொன்னது?"

"சேர்மன் அய்யாதானுங்க. இன்னிக்கு நேரமே வந்துட்டாருங்க. 'பேப்பர்காரங்க வாராங்க, கல்லு கரியாட்டம் இருக்குது, நல்லாக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு ஆடிட்டோரியத்துக்குக் கொண்டா'ன்னாருங்க. சாவியும் அவருதான் குடுத்தாருங்க. தண்ணி படக்கூடாதுன்னு நீங்க சொன்னத நான் சொன்னேனுங்க. 'கல்லு எங்காச்சும் தண்ணில கரையுமா'ன்னு சிரிச்சாருங்க."

அந்தக் கல் போனது எனக்கு ஒரு கோபம். கழுவச் சொன்னவர் ஒருவராக இருக்க, பழி இன்னொருத்தி தலையில் விழுந்தது அதைவிடப் பெரிய கோபம். கோபம் ஆறட்டும், ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஓய்வும் பெற்றாகிவிட்டது, கோபம் மட்டும் ஆறவில்லை. ஆகவே ஆறாத கோபத்தோடேயே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ சேர்மனின் பெயரையோ எழுதப்போவதில்லை. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அவர்களுக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை. இதே போன்ற ஆள் எல்லா இடத்திலும் இருப்பார்.

2. கல்லு மேடம்

நான் படித்தது நிலவியல். சேலத்தில் சுண்ணாம்புக் கரடு என்ற குன்றில் கிடைக்கும் சர்ப்பன்டைன் என்ற கனிமத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினேன். வேலை கிடைத்தது சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில். சிவில் பிரிவு மாணவர்களுக்கு ஒரே ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் நிலவியல். பிள்ளைகள் என்னைக் 'கல்லு மேடம்' என்பார்கள். அந்தப் பெயர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் சேர்மன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மோட்டார் பம்ப் பட்டறையில் தொடங்கி, மூன்று பட்டறையாக்கி, பிறகு கல்லூரி கட்டியவர். உழைப்பாளிதான், அதை நான் மறுக்கமாட்டேன்.

"கல்லப் பத்திப் படிச்சு என்ன பண்றதுங்க மேடம்?" என்று கேட்டார்.

"உங்க கட்டடம் கல்லு மேலதானுங்க சார் நிக்குது," என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பதிலை அவர் மறக்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் என் ஆய்வுக்கூடத்துக்குக் கருவி கேட்டுப் போகும்போதெல்லாம், "கட்டடம் கல்லு மேல கெட்டியா நிக்குதுங்களே மேடம், அப்புறமென்ன?" என்பார். அந்தச் சிரிப்பும் அப்படியே இருக்கும்.

கல்லூரிக்கு வெளியே எனக்கு வேறொரு பெயர் இருந்தது. கொங்கு நாட்டில் நிலவியல் படித்தவர்களிடம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போர் எங்கே போட்டால் தண்ணீர் வரும்? விடுமுறை நாட்களில் கருவியை எடுத்துக்கொண்டு அன்னூர், காரமடை, மேட்டுப்பாளையம் என்று சுற்றி, பாறையில் எங்கே வெடிப்பு ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வேன். நான் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தால் 'தண்ணி மேடம்'. வராவிட்டால் என்ன பெயர் வைத்தார்களோ, என் காதில் விழவில்லை.

3. தூக்குப்போசியில் வந்த கல்

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பழனிச்சாமி என்று ஒரு பாக்குத் தோட்டக்காரர். அவர் தோட்டத்தில் நான் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு மரியாதை எச்சு. ஒரு மத்தியானம் போன் செய்தார்.

"மேடம், களத்துல ஒரு கல்லு உளுந்திருக்குதுங்க."

"யாராச்சும் எறிஞ்சிருப்பாங்க."

"மேலிருந்துங்க மேடம். வெடி வெச்சாப்புல சத்தம். பாக்கு காயப்போட்ட சிமெண்ட் களத்துலயே குழி உளுந்து போச்சுங்க."

"தொடாதீங்க. தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க. நான் வாரேன்," என்றேன்.

"நீங்க எதுக்குங்க அலையறீங்க? நானே கொண்டாரேன்," என்றார். காந்திபுரத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, மாலைக்குள் வந்துவிட்டார். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி. அதைத் திறந்ததும் தார் ஊற்றிய புது ரோட்டின் வாசனை வந்தது. உள்ளே இரண்டு உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ஒரு கல், கொஞ்சம் உதிரித் துண்டுகள். வெளியே கரிந்த கறுப்புத் தோல். உடைந்த பக்கமும் கறுப்புதான், ஆனால் பளபளப்பே இல்லாமல் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. கையுறை போட்டு எடுத்துப் பார்த்தேன். பார்வைக்கு இருந்த கனம் கையில் இல்லை.

விண்கற்களில் பெரும்பாலானவை கெட்டியான சாதாரணக் கற்கள், சில இரும்பு. இந்தக் கரிக்கல் வகை அபூர்வம். அதிலும் மண்ணில் விழாமல், மழையில் நனையாமல், விழுந்த அன்றே கையில் கிடைப்பது அதைவிட அபூர்வம். அது களிமண் வயலில் விழுந்திருந்தால் அன்றைக்கே கெட்டிருக்கும். பாக்குக் களத்துச் சிமெண்டில், நல்ல வெயிலில் விழுந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங் மேடம், இதுக்குள்ள தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார் பழனிச்சாமி. எதைப் பார்த்தாலும் அவருக்கு இந்தக் கேள்விதான் வரும்.

"இருக்குதுங்க."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டார். நான் கேலி செய்யவில்லை.

4. கல்லுக்குள் தண்ணீர்

இதை என் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வேனோ அப்படியே இங்கும் சொல்கிறேன். சிமெண்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிறோம். மறுநாள் அது கல்லாக இறுகிவிடுகிறது. ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஆவியாகிப் போய்விட்டதா? இல்லை. அதில் பெரும் பகுதி சிமெண்டோடு சேர்ந்து புதுப் படிகமாகிவிட்டது. தொட்டால் ஈரம் தெரியாது. ஆனால் தண்ணீர் உள்ளே கட்டுண்டு கிடக்கிறது. நன்றாகச் சூடேற்றினால் வெளியே வரும்.

சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், கல்லும் பனிக்கட்டியும் கலந்த சிறுகோள்கள் நிறைய இருந்தன. சிலவற்றின் உள்ளே கதிரியக்க அலுமினியம் சிதைந்து சூடு உண்டாக்கியது. பனி உருகியது. அந்தத் தண்ணீர் பக்கத்திலிருந்த பச்சைக் கனிமங்களைத் தின்று, அவற்றைச் சர்ப்பன்டைனாகவும் களிமண் கனிமங்களாகவும் மாற்றியது. பிறகு எல்லாம் ஆறிக் குளிர்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர் மட்டும் கனிமத்துக்குள் மாட்டிக்கொண்டது.

இதில் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனில் சாதாரண வகையும் உண்டு, கன வகையும் உண்டு. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்தால், அந்தத் தண்ணீர் எங்கே பிறந்தது என்று ஓரளவு சொல்லலாம். இந்த வகைக் கற்களில் பலவற்றின் தண்ணீர் நம் கடல் தண்ணீருக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆகவே நாம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்காவது இப்படிப்பட்ட கற்களோடு வந்து இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அதனால்தான் ஒவ்வொரு கல்லும் ஒரு சாட்சி.

தண்ணீரோடு உப்பும் உண்டு. சிறுகோளுக்குள் ஓடிய தண்ணீர் வற்றும்போது உப்பு படிந்து நிற்கும். அந்த உப்பைப் பார்த்தால் அங்கே ஓடியது எப்படிப்பட்ட தண்ணீர் என்று தெரியும். ஜப்பான்காரர்களும் அமெரிக்காக்காரர்களும் விண்கலம் அனுப்பி, சிறுகோள்களிலிருந்து கையளவு மண்ணை மூடிய டப்பாவில் கொண்டுவந்தது இதற்கெல்லாம்தான். நம் காற்றின் ஈரம்கூடப் படக்கூடாது என்று அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தூக்குப்போசியில் வந்து சேர்ந்தது.

உதிரித் துண்டுகளை மட்டும் பொடித்து, இயற்பியல் துறையில் இருந்த, எது என்ன கனிமம் என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியில் வைத்தேன். திரையில் ஓடிய கோட்டில் முதல் சிகரம் எழுந்தபோது எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. சேலத்துக் கரட்டில் நான் வருடக்கணக்கில் பார்த்த அதே சர்ப்பன்டைன். அங்கே பூமியின் தண்ணீர் செய்த வேலையை, இங்கே பூமி பிறப்பதற்கு முந்தைய தண்ணீர் செய்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. வாய்விட்டு அழுதேன். என் தொழிலில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு நாள் எனக்கு இல்லை.

பொடித்த துண்டு காற்றின் ஈரத்தை வாங்கிவிடும், தண்ணீரை அளக்க அது உதவாது. அளக்க வேண்டியது முழுக் கல்லை. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. தவிர, விண்கல் அரசுச் சொத்து. மத்திய அரசின் நிலவியல் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். பூஜை விடுமுறைக்கு முன்பே ஓர் அதிகாரி வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார்கள். அதுவரை கல்லை உலர்த்தி வைக்கும் கண்ணாடி ஜாடியில், சிலிக்கா ஜெல் போட்டு, மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடிவைத்தேன். பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்த ஜாடிப் பக்கம் ஈரத் துணிகூட வரக்கூடாது," என்றேன். சேர்மனிடமும் நேரில் போய்ச் சொன்னேன்.

"சொட்டுத் தண்ணி படக்கூடாதுங்க சார்."

"சரிங் மேடம், சரிங் மேடம்," என்றார். கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்தேன். அவர் மனதில் பேப்பர்காரர்களைக் கூப்பிடும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

5. பூஜை மேல் கோபம் இல்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் ஆயுத பூஜை எனக்குப் பிடித்த நாள். கோயம்புத்தூரில் அது சாமிக்கான நோம்பி மட்டும் இல்லை, இரும்புக்கும் எண்ணெய்க்குமான நோம்பி. லேத்து முதல் தையல் மிஷின் வரை அன்று ஓய்வு. எங்கள் கல்லூரியிலும் எல்லா லேப்பையும் கழுவித் துடைத்து, கருவிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். என் மைக்ராஸ்கோப்புக்கும் வருடா வருடம் பொட்டு உண்டு. லென்ஸில் வைக்காதீர்கள் என்று மட்டும்தான் நான் கெஞ்சுவேன்.

பட்டறையில் அது சரியான பழக்கம். வருடம் பூராவும் சேர்ந்த பிசுக்கு அன்றாவது போகும். இரும்பு தாங்கும். அந்தக் கல் தாங்காது. அதிலிருந்த களிமண் கனிமம் தண்ணீரைக் கண்டதும் வீங்கும், வீங்கினால் கல்லே வெடித்து உதிரும். பாக்கியம் பார்த்த நுரை, இடுக்குகளில் இருந்த காற்று வெளியே வந்ததால் உண்டானது.

கல் போனால் போகட்டும், சேற்றைக் காயவைத்தால் கனிமம் மிச்சமிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பழைய உப்பு கரைந்துவிட்டது. அதோடு எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு சேர்ந்துகொண்டது. சரவணம்பட்டிப் போர்த் தண்ணீரில் இல்லாத உப்பா? எது சிறுகோளின் உப்பு, எது எங்கள் மோட்டார் ஏற்றிய உப்பு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. கனிமத்துக்குள் இருக்கும் தண்ணீரை இனி அளந்தாலும், அந்த எண்ணை நம்பி யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். சாட்சியின் வாயில் நம் பேச்சைத் திணித்தாகிவிட்டது.

நான் சேற்றை வடிகட்டிக்கொண்டிருந்தபோது சேர்மன் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க மேடம், இப்படி ஆகிப்போச்சு? கல்லுன்னு சொன்னீங்க, களிமண்ணா இருக்குது?"

"தண்ணி படக்கூடாதுன்னு உங்ககிட்டச் சொன்னேனுங்களே சார்!"

"எங்க பட்டறைல ஒரு ஸ்பேனரக்கூடக் கழுவித்தானுங்க படைப்போம். அழுக்கோட எப்படிங்க சாமி முன்னால வெக்கறது?" என்றார். என் குரல் உயர்ந்தது. என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. பக்கத்து லேப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தது நினைவிருக்கிறது. அவர் வாளியைப் பார்த்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பார்வையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அம்மா தோட்டங்களில் களை வெட்டிக் கூலி வாங்கியவள். மாடு கயிறு அறுத்தாலும், மடை உடைந்தாலும், மோட்டார் எரிந்தாலும் தோட்டத்துக்காரர் முதலில் திரும்பிப் பார்ப்பது எங்கள் பக்கம்தான். பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடும். பழியும் அப்படித்தான்.

6. பெரிய மனசு

மறுநாளே அரசு அதிகாரி வந்துவிட்டார். கல்லை வாங்கிப்போக வந்தவரிடம் தட்டில் காயவைத்த கறுப்பு மண்ணைக் காட்டினேன். மனுஷன் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "எப்படி நடந்ததுன்னு நான் மேலே சொல்லியாகணும் மேடம்," என்றார்.

சேர்மன் அறைக்குப் போனோம். பாக்கியத்தையும் அழைத்திருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சேர்மன் தயாராக இருந்தார். "ஹவுஸ்கீப்பிங் பொம்பளைங்க சார். பூஜைக்குச் சுத்தம் பண்றப்ப வெவரம் தெரியாம கழுவிப்போட்டா. நாங்க யாரும் பக்கத்துல இல்லீங்க."

"பொய்," என்றேன். அந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். "சேர்மன்தான் கழுவச் சொன்னாரு. சாவியும் அவருதான் குடுத்தாரு. இந்தம்மா வேண்டாம்னு சொல்லியும் கேக்கல."

அதிகாரி சேர்மனைப் பார்த்தார். சேர்மன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் கதவுப் பக்கம் திரும்பி, மிக மெதுவாகக் கேட்டார்.

"பாக்கியம், பொண்ணு நல்லாப் படிக்கறாளா?"

"படிக்கறாளுங்க அய்யா."

"கடைசி வருசம்தான?"

"ஆமாங்க அய்யா."

பாக்கியத்தின் மகள் அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தாள். ஊழியர் பிள்ளை என்று சேர்மன் கொடுத்த ஃபீஸ் சலுகையில்தான் படிப்பு நடந்தது. அந்தச் சலுகையைக் கொடுக்கவும் எடுக்கவும் அவர் ஒருவரால்தான் முடியும். அது அந்த அறையில் அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லு பாக்கியம். நானா உன்னையக் கழுவச் சொன்னேன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க அய்யா. நானாத்தான் கழுவிப்போட்டேனுங்க."

சேர்மன் கையை விரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா சார்? மேடத்துக்கும் ஆத்திரம், என்னமோ பேசிட்டாங்க. பாவம், ஏழப்பட்டது. தெரியாமச் செஞ்சதுக்கு வேலைய விட்டு அனுப்பக் கூடாதுங்க. நாமதான் மன்னிக்கோணும்."

"பெரிய மனசுங்க சார்," என்றார் அதிகாரி. பாவம், அவருக்கு என்ன தெரியும்!

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆண்டியை அடித்தால்கூடப் பரவாயில்லை. இவர் மன்னித்தார். தான் செய்த தவறுக்கு இன்னொருத்தியை மன்னித்துவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் முழுவதும் ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு. 'கோடி கோடியா விலை போற கல்லக் கரைச்சவளை விட்டுட்டாரே மனுஷன்!' அந்த மண்ணை அளவெடுத்துப் பொட்டலம் கட்டியவள் நான். அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய் சொன்ன மேடம் என்று என்னைப் பார்த்த பார்வை மட்டும் இருந்தது.

அன்று வராந்தாவில் பாக்கியத்தைப் பிடித்து நிறுத்தினேன். அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

"ஏன் இப்படிப் பண்ணுன? நான் இருந்தேன்ல?"

"நீங்க இருந்தீங்க மேடம். ஃபீஸ் நீங்களா கட்டுவீங்க?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "புள்ள படிப்பு முடியட்டுங்க. அதுக்கு மின்னால என்ர வாயில இருந்து ஒண்ணும் வராதுங்க. நீங்களும் பேசாதீங்க மேடம். நீங்க பேசப் பேச எனக்குத்தானுங்க கஷ்டம்."

நான் பேசவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலையாக இருந்தது. சேர்மனை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். பழனிச்சாமியிடம் மட்டும் தோட்டத்துக்கே போய் உள்ளதைச் சொன்னேன். அவர் களத்தில் இருந்த குழியைக் காட்டினார். சிமெண்ட் பூசாமல் அப்படியே வைத்திருந்தார்.

"நான் உங்கள நம்பித்தானுங்க குடுத்தேன்," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. குடிக்க மோர் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

7. அடுத்த ஆயுத பூஜை

பாக்கியத்தின் மகள் படிப்பை முடித்தாள். சரவணம்பட்டியிலேயே ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது. பாக்கியம் எனக்கு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தாள். கல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அந்த வருடம் பூஜைக்கு முந்தைய வாரம், வழக்கம்போல எல்லோரையும் ஆடிட்டோரியத்தில் கூட்டினார்கள். ஆசிரியர்கள், லேப் ஊழியர்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சேர்மன் மைக் பிடித்தார். "லேப்பெல்லாம் பளிச்சுன்னு இருக்கோணும். ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்தையும் கழுவிப்போடுங்க. எந்தச் சந்தேகம்னாலும் என்னைய வந்து கேளுங்க," என்றார்.

பின்வரிசையிலிருந்து பாக்கியம் எழுந்து நடந்து வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நேராக மேடைக்குக் கீழே போய் நின்று, அதைச் சேர்மனிடம் நீட்டினாள்.

"அய்யா, எதையெதையக் கழுவோணும்னு இதுல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க," என்றாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. "போன வருசம் அந்தக் கல்லக் கழுவச் சொல்லி வாயிலதானுங்க சொன்னீங்க. கல்லும் கரைஞ்சு போச்சு, நீங்க சொன்னதும் கரைஞ்சு போச்சுங்க. என்னைய மன்னிச்சும் உட்டீங்க. இன்னொருக்கா மன்னிப்பு வாங்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஸ்டாஃப் ரூமில் ஒரு மாதம் பெரிய மனசைப் பாராட்டியவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். சேர்மன் தாளை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் கண் என்னைத் தேடியது, நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருப்பார். சத்தியமாக இல்லை. நான் வெறும் சத்தம் போட்டவள். அவள் ஒரு வருடம் பல்லைக் கடித்துக் காத்திருந்து, தன் பிள்ளையைக் கரையேற்றிவிட்டு வந்து கேட்டாள்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு பொருள் கெட்டுப்போனால் எல்லோரும் செய்த கையைத்தான் தேடுவார்கள். கை எப்போதும் கிடைத்துவிடும், அது ஈரமாக அங்கேயே நிற்கும். செய்யச் சொன்ன வாயை நீங்கள் தேடுங்கள். அந்த வாய் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வாயாக இருந்தாலும் தேடுங்கள்.

அன்று ஆடிட்டோரியத்தில் நான் என் இடத்திலிருந்து எழுந்தேன். மேடைக்குப் போய், என் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைச் சேர்மன் கையருகே நீட்டினேன்.